தமிழ்நாடு கார்பன் புகையை நிஜமாவே குறைக்க முடியுமா? முப்பந்தல்ல நின்னு பேசறேன்

வணக்கம் மக்களே. இப்ப நான் நிக்கறது முப்பந்தல்ல, நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி போற ரோட்டுல ஆரல்வாய்மொழி பக்கம் வருமே அந்த இடம். மைக்ல காத்து சத்தம் ஜாஸ்தியா வரும், பொறுத்துக்கங்க, ஆடி மாசம் இந்தக் கணவாய்ல காத்து அடிக்கலைன்னாதான் அதிசயம். இன்னைக்குப் பேசப்போறது ஒரே கேள்விதான். ஸ்பின்னிங் மில், கார் ஃபேக்டரி, சிமெண்ட் ஆலைன்னு இவ்ளோ வெச்சுக்கிட்டு இருக்கற ஒரு மாநிலம், நம்ம தமிழ்நாடு, கார்பனைக் குறைக்கறது நடக்கற காரியமா? 2070-ல நெட் ஸீரோ, அதாவது வெளிய விடற கார்பனும் திரும்ப உறிஞ்சறதும் சமமாயிடும்னு நாடு சொல்லுது, நாங்க அதுக்கு முன்னாடியே வந்துடுவோம்னு நம்ம கவர்மெண்ட் சொல்லுது, 2022-ல காலநிலை மாற்ற இயக்கம்னு ஒண்ணும் ஆரம்பிச்சாங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். முடியும். ஆனா மார்ச் ஏப்ரல் மாசத்து சாயங்காலம் ஆறு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் என்ன பண்ணப்போறோம்ங்கறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. அது ஏன்னு சொல்றேன்.

மொதல்ல கரண்ட் எடுக்கற இந்தக் காத்தாடிங்களைப் பாருங்க. 1986-லயே தூத்துக்குடி கடற்கரையில சின்னச்சின்ன மெஷின் நட்டு டெஸ்ட் பண்ணிட்டாங்க, அப்புறம் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடுன்னு மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கற கணவாய் வழியா காத்து எங்கெல்லாம் பிச்சுக்கிட்டு வருதோ அங்கெல்லாம் பரவிடுச்சு. இதுல நிறைய மில்லுக்காரங்க போட்ட பணம், டாக்ஸ்ல தேய்மானச் சலுகை கிடைச்சுது, மில்லுக்குக் கரண்டும் கிடைச்சுது. இன்னைக்கு 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாடி மட்டும் இருக்கு. இது சாதாரண விஷயம் இல்லைங்க, காலநிலைன்னு யாரும் பேசாத காலத்துலயே செஞ்சது.

இதோ என் பின்னாடி நிக்குதே, கேமராவைத் திருப்பறேன், இந்தச் சின்ன காத்தாடி. கம்பி கம்பியா டவர், பெயிண்ட் உரிஞ்சு துரு தெரியுது, இது 250 கிலோவாட் டைப். அதுக்கு அந்தப் பக்கம் வெள்ளையா உசரமா ஒண்ணு மெதுவா சுத்துது பாருங்க, அந்த மாதிரி புது மெஷின் ஒண்ணே 2,000 கிலோவாட்டுக்கு மேல தரும். காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கற சக்தி எட்டு மடங்காகும், உசரத்துக்குப் போனா வேகம் கூடும், அதனாலதான் உசரமா நடறாங்க. அப்ப நாட்டுலயே நல்ல காத்து அடிக்கற இடத்தையெல்லாம் முப்பது வருஷத்து சின்ன மெஷின் உக்காந்து புடிச்சு வெச்சிருக்கு. இதை மாத்தறதுக்கு 2024-ல தனியா ஒரு பாலிசியே போட்டாங்க, வேகமா நடக்கணும்.

சரி, காத்தாடியை மாத்திட்டோம்னு வெச்சுக்குங்க. ஆனி ஆடியில பிரச்சனையே இல்லை, ராத்திரியும் காத்து அடிக்கும், இன்னும் சொல்லப்போனா எடுத்துக்க ஆள் இல்லாம ஓடற காத்தாடியை பேக்டவுன் பண்ண, அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்ற நாளும் இருக்கு. ஆனா மார்ச் ஏப்ரல்ல காத்து படுத்துடும், வெயில் கொளுத்தும், பகல் முழுக்க சோலார் அள்ளிக் கொடுக்கும், கமுதியில 648 மெகாவாட் பார்க் 2016-லயே வந்துடுச்சு. ஆறு மணி ஆச்சா, சோலார் ஸீரோ. அதே நேரத்துல எல்லாரும் வீட்டுக்கு வந்து ஏசி போடுவாங்க, லைட்டு ஃபேன் டிவி எல்லாம் ஓடும். 2024 மே 2-ம் தேதி நம்ம மாநிலத்தோட டிமாண்ட் 20,830 மெகாவாட் வரைக்கும் போச்சு. அந்த மாதிரி நாள்ல பொழுது சாஞ்சதும் யார் கரண்ட் கொடுக்கறது? நிலக்கரிதான்.

நிலக்கரி யூனிட்டை நம்ம வீட்டு கேஸ் அடுப்பு மாதிரி நினைச்சப்ப பத்த வெச்சு நினைச்சப்ப அணைக்க முடியாது, பாய்லர் சூடாகி லைனுக்கு வரவே மணிக்கணக்கா ஆகும். அதனால சாயங்காலம் தேவைப்படும்னு தெரிஞ்சா மத்தியானமே பாதி லோடுல ஓட்டிக்கிட்டே இருக்கணும், விதிப்படியே 55 சதவீதம் வரைக்கும்தான் இறக்கச் சொல்றாங்க. அப்ப மத்தியானம் சோலார் பொங்கி வழியும்போதும் புகை வந்துக்கிட்டேதான் இருக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, நெய்வேலி பழுப்பு நிலக்கரின்னா ஈரம் ஜாஸ்தி, இன்னும் கூடத்தான் வரும். எண்ணூர் பக்கம் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டற குளத்தை ஒட்டி இருக்கற செப்பாக்கம் மாதிரி ஊர்ல எல்லாம் இந்த நாலு மணி நேரக் கரண்டோட விலையை மூச்சுல கட்டறாங்க, எனக்கு அதை நினைச்சாலே மனசு ஆறமாட்டேங்குது.

இதுக்கு வழி தெரியாம இல்லை. கோயம்புத்தூர் மாவட்டத்துல வால்பாறை மலையில காடம்பாறைன்னு ஒரு பவர் ஹவுஸ், மலைக்கு அடியில குடைஞ்சு கட்டினது, 400 மெகாவாட். கரண்ட் மிஞ்சும்போது கீழ் அணையில இருக்கற தண்ணியை மேல பம்ப் பண்ணி ஏத்திடுவாங்க, பீக் ஹவர்ல அதே தண்ணியை இறக்கி கரண்ட் எடுப்பாங்க. 1987-லயே நம்ம ஈபி செஞ்சது! இதே மாதிரி அடுத்தது நீலகிரி குந்தாவுல 500 மெகாவாட், அது வருஷக்கணக்கா கட்டிக்கிட்டே இருக்காங்க. எனக்குக் கோவமே இதுலதான். மலை இருக்கு, அணை இருக்கு, அனுபவம் இருக்கு, அப்புறமும் அடுத்தது வர இவ்ளோ காலமா?

வேற மாநிலம் பண்ணியிருக்கான்னு கேட்டா, ஆஸ்திரேலியாவுல தெற்கு ஆஸ்திரேலியா இருக்கு. 2016 மே மாசம் கடைசி நிலக்கரி பிளாண்டையும் மூடிட்டாங்க. அதே செப்டம்பர்ல புயல் வந்து மாநிலமே இருட்டாச்சு, நிறைய திட்டு வாங்கினாங்க, ஆனா பின்வாங்கல, அடுத்த வருஷமே 100 மெகாவாட்ல பெரிய பேட்டரி வெச்சாங்க, இன்னைக்கு அங்க முக்கால்வாசி கரண்டுக்குப் பக்கமா காத்தும் வெயிலும்தான். அவங்க ஜனத்தொகை இருபது லட்சத்துக்குள்ள, நாம ஏழு கோடிக்கு மேல, அவங்ககிட்ட கேஸ் பிளாண்ட் இருக்கு, பக்கத்து மாநிலத்துல இருந்து லைனும் இருக்கு, அதெல்லாம் உண்மை. ஆனாலும் பெரிய கிரிட் நிலக்கரி இல்லாம ஓடாதுங்கற பேச்சு அங்க முடிஞ்சு போச்சு.

நம்ம கதை என்னன்னா, 450 மெகாவாட் பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல மூடினோம், 2024 மார்ச்ல வட சென்னையில 800 மெகாவாட் புது நிலக்கரி யூனிட்டைத் திறந்தோம், உடன்குடியில 1,320 மெகாவாட்டுக்கு வேலை ஆரம்பிச்சோம். ஒரு நிலக்கரி பிளாண்ட் கட்டினா இருபத்தஞ்சு முப்பது வருஷம் ஓட்டியாகணும், கடனை அடைக்கணும்ல. கரண்ட் எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் ஃபிக்ஸட் சார்ஜ்னு கட்டணும். நெட் ஸீரோன்னு பேசற அதே வாயால இதையும் ஆதரிக்க என்னால முடியல.

மாநிலத்தோட கைக்கு எட்டாததும் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. நெய்வேலி மத்திய அரசோடது, அந்தக் கரண்ட் கேரளா கர்நாடகாவுக்கும் போகுது, புகை நம்ம கணக்குல ஏறும். அதே மாதிரி ஒடிசா தால்ச்சர்ல எரியற நிலக்கரியில இருந்து நமக்குக் கரண்ட் வருது, அந்தப் புகை அவங்க கணக்குல. அதனால குறைஞ்சுடுச்சுன்னு யாராவது நம்பர் காட்டினா, இங்க எரிச்சதா இல்ல நாம வாங்கினதையும் சேர்த்தான்னு கேளுங்க.

பஸ், சிமெண்ட் எல்லாம் இன்னொரு நாள் பேசலாம், சென்னையில 2025-ல எலக்ட்ரிக் எம்டிசி பஸ் ஓட ஆரம்பிச்சிருக்கு, நல்ல விஷயம், ஆனா அந்த பஸ்ஸை ராத்திரி எந்தக் கரண்ட்ல சார்ஜ் போடறோம்னு வந்தா மறுபடி இங்கதான் வந்து நிக்கும். உடனே பண்ணக்கூடியது பம்ப்செட். 20 லட்சத்துக்கு மேல விவசாய கனெக்‌ஷன் இருக்கு, அந்த லோடை முழுசா பகல் சோலார் நேரத்துக்குக் கொண்டு வந்துட்டா விவசாயியும் ராத்திரி டார்ச் புடிச்சுக்கிட்டு பாம்புக்குப் பயந்து மோட்டார் போடப் போக வேணாம். இலவசம் இலவசமாவே இருக்கட்டும், நேரத்தை மட்டும் மாத்தினா போதும்.

அடுத்த வீடியோ காடம்பாறையில எடுக்கணும்னு பெர்மிஷன் கேட்டிருக்கேன், கிடைச்சா ஒரே மெஷின் பம்ப்பாவும் டர்பைனாவும் எப்படி ஓடுதுன்னு காட்டறேன். ஈபியில லோடு டெஸ்பாட்ச், அதாவது எந்த பிளாண்ட் எவ்ளோ ஓடணும்னு சொல்ற பக்கம் வேலை பாக்கற அண்ணன் அக்கா யாராவது இதைப் பாத்தீங்கன்னா, மார்ச் மாசம் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க ஸ்கிரீன்ல என்ன நடக்குதுன்னு எழுதுங்க, அதை வெச்சே ஒரு வீடியோ பண்றேன்.