ஆப்பிளிடம் 100 மில்லியன் வாங்கிய ஜூரோங் கம்பெனி, ஐபாடிடம் ஏன் தோற்றது?

[திரையில்: ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டி நிலையம், காலை நேரக் கூட்டம். எல்லார் காதிலும் ஏதோ ஒன்று.]

வணக்கம் மக்களே. 2006 ஆகஸ்ட் மாதம், உலகத்துக்கே ஐபாட் விற்றுக்கொண்டிருந்த ஆப்பிள், இதோ இந்த ஜூரோங் ஈஸ்ட்டில் தலைமையகம் வைத்திருந்த கிரியேட்டிவ் என்ற சிங்கப்பூர் கம்பெனிக்கு 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. நன்கொடை இல்லை. ஐபாடில் பாட்டுத் தேட விரலால் உருட்டுவோமே, அந்த மெனுவுக்காக!

அதைவிட வேடிக்கை, 2004 நவம்பரில் அதே சிங்கப்பூர் கம்பெனியின் தலைவர், ஐபாடை எதிர்த்து மார்க்கெட்டிங்குக்கு 100 மில்லியன் டாலர் இறக்கப்போவதாகச் சொல்லி, போர் என்ற வார்த்தையையே பயன்படுத்தி அறிவித்திருந்தார். செலவழிப்பேன் என்றது நூறு, எதிரியிடமிருந்து வந்தது நூறு. ஆனாலும் கடையில் ஜெயித்தது ஐபாட்தான். எப்படி? கோப்பியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சப்ஸ்கிரைப் பட்டன் கீழே இருக்கிறது, அதையும் ஒரு தட்டு.

வரலாறு கேட்பவர்களுக்காக அரை நிமிஷம். 1979ல் சோனி வாக்மேன். 1998ல் கொரியாவின் எம்பிமேன் என்ற எம்பி3 பிளேயர், அதே வருஷம் அமெரிக்காவில் ரியோ. இரண்டிலும் 32 எம்பி, அதாவது ஏழெட்டுப் பாட்டு. ஈசூனில் ரயில் ஏறினால் ஜூரோங் ஈஸ்ட் சேர்வதற்குள் முதல் பாட்டே மறுபடி வந்துவிடும். ரியோவைத் தடுக்க அமெரிக்க இசைக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றன. அவ்வளவுதான், வரலாறு முடிந்தது.

இப்போது நம் கதாநாயகன். கிரியேட்டிவ் டெக்னாலஜி. தலைவர் சிம் வோங் ஹூ. நீ ஆன் பாலிடெக்னிக்கில் படித்தவர், மௌத் ஆர்கன் வாசிப்பவர். 1981ல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் நண்பரோடு சேர்ந்து சின்னதாகத் தொடங்கிய கடை. 1989ல் கம்ப்யூட்டருக்கான சவுண்ட் கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் வந்தது. அதுவரை 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஒழுங்காகப் பாட ஆரம்பித்தது. 1992ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான முதல் சிங்கப்பூர் கம்பெனி ஆனது. நம் ஊரில் பலகை இருந்தால்தான் யூ-டர்ன் எடுக்கலாம், பலகை இல்லாவிட்டால் கூடாது, நம் புத்தியும் அப்படியே பழகிவிட்டது என்று அவர் எழுதியது இன்றும் இங்கே பேச்சில் இருக்கிறது. 'நோ யூ-டர்ன் சின்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். 2023 ஜனவரியில், 67 வயதில் காலமானார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் கொஞ்சம் கிண்டல் செய்யப்போகிறேன்.

[திரையில்: நோமாட் ஜூக்பாக்ஸ். பக்கத்தில் அளவுக்காக ஒரு பரோட்டா.]

2000ஆம் ஆண்டு. ஐபாட் பிறக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. கிரியேட்டிவ் விட்டது நோமாட் ஜூக்பாக்ஸ். உள்ளே 6 ஜிபி ஹார்ட் டிஸ்க். வீட்டிலிருக்கும் சிடி அலமாரியே உள்ளே போய்விடும். ஆனால் லேப்டாப்பில் போடுகிற ஹார்ட் டிஸ்க்கையே இதிலும் போட்டதால், உருவம் சிடி பிளேயர் மாதிரி வட்டமாக, கனமாக இருக்கும். பேன்ட் பையில் நுழையாது. கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஏற்றுவது பழைய யூஎஸ்பி வழியாக. முழுசாக நிரப்ப வேண்டுமென்றால் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வரலாம்.

2001 அக்டோபரில் ஐபாட். 5 ஜிபி. நோமாடைவிட ஒரு ஜிபி குறைவு! விலை 399 டாலர், மேக் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் வேலை செய்யும். அமெரிக்காவின் பிரபலமான தொழில்நுட்ப வெப்சைட் ஒன்றை நடத்தியவர் அன்றைக்கே எழுதினார்: வயர்லெஸ் இல்லை, நோமாடைவிட இடம் கம்மி, மட்டம். தொழில்நுட்ப உலகில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் வரி அது. நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். ஐபாடை எதோடு வைத்து அளந்தார்கள், கவனித்தீர்களா? சிங்கப்பூர்ச் சரக்கோடு.

ஆனால் அந்த ஐபாடுக்குள் தோஷிபா செய்த 1.8 அங்குலக் குட்டி ஹார்ட் டிஸ்க் இருந்தது. சட்டைப் பைக்குள் போய்விடும். ஃபயர்வயர் என்ற வேகமான இணைப்பு இருந்தது. ஆயிரம் பாட்டும் பத்து நிமிஷத்துக்குள் ஏறிவிடும் என்றது ஆப்பிள். விளம்பரத்தில் 5 ஜிபி என்று பெரிதாகப் போட்டார்களா? இல்லை. உங்கள் பையில் ஆயிரம் பாட்டு என்றார்கள். என் பாட்டிக்கு ஜிபி தெரியாது. ஆயிரம் பாட்டு என்றால் தெரியும்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். எக்ஸ்போவில் நடந்த கம்ப்யூட்டர் கண்காட்சிக்குப் போனவர்கள் கை தூக்குங்கள். வாசலிலேயே பாலிடெக்னிக் பிள்ளைகள் நோட்டீஸ் திணிப்பார்கள். எறும்பு எழுத்தில் இருபது மாடல். ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை ஜிபி, எத்தனை மணி நேர பேட்டரி, ரேடியோ உண்டா, ரெக்கார்டர் உண்டா, இலவசமாக என்ன தருகிறார்கள் என்று ஒரு பட்டியல். அப்பா ஒரு பேனாவை எடுத்து வட்டம் போடுவார். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஆறு மாடி ஏறி இறங்கி, ஐந்து வெள்ளி குறைவாகத் தருகிற கடையைக் கண்டுபிடிப்பார். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற கியாசு கணக்கு. கிரியேட்டிவ் நம்மைப் போன்றவர்களுக்காகச் சாமான் செய்த கம்பெனி. அதன் விளம்பரமும் அந்த நோட்டீஸ் மாதிரியே இருந்தது.

சரியான உதாரணம் 2004. ஆப்பிள் ஐபாட் மினியைக் கொண்டுவந்தது: 4 ஜிபி, 249 டாலர், ஐந்து நிறம். வருஷக் கடைசியில் கிரியேட்டிவ் ஸென் மைக்ரோவோடு வந்தது: ஏறக்குறைய அதே விலை, 5 ஜிபி, பத்து நிறம். நீ ஐந்தா, நான் பத்து! எஃப்எம் ரேடியோ உண்டு, குரல் பதிவு உண்டு, பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். ரேடியோ என்றால் என்ன அர்த்தம்? நம் தமிழ் வானொலி, ஒலி 96.8 கேட்கலாம். ஐபாட் வைத்திருந்தவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆப்பிள் ஐபாடுக்குள்ளேயே ரேடியோ வைத்தது 2009ல், நேனோவில். ஐந்து வருஷம் கழித்து!

நோட்டீஸில் வட்டம் போட்டால் ஸென்தான் ஜெயிக்கும். நான் இன்றைக்கும் ஸென்னுக்குத்தான் வட்டம் போடுவேன்.

அந்தப் பக்கம் ஆப்பிள் என்ன செய்தது? கண்ணைப் பறிக்கும் நிறப் பின்னணியில் கரிய நிழலுருவங்கள் ஆடும். வெள்ளை இயர்போன் வயர் மட்டும் பளிச்சென்று தெரியும். ஜிபி கிடையாது, மணி நேரம் கிடையாது, ஒரு எண்கூடக் கிடையாது. ஆனால் மறுநாள் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் காதிலிருந்து வெள்ளை வயர் தொங்கினால், பையில் இருப்பது என்னவென்று பெட்டிக்கே தெரிந்துவிடும். காசு கொடுத்து வாங்கியவரே நடமாடும் விளம்பரப் பலகை. மற்ற கம்பெனிகளின் வயர் பெரும்பாலும் கறுப்பு. பையில் இருப்பது ஸென்னா, பழைய வாக்மேனா, யாருக்குத் தெரியும்?

அப்புறம் பெயர்கள். ஐயோ, பெயர்கள். மூச்சுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸென் டச், ஸென் எக்ஸ்ட்ரா, ஸென் மைக்ரோ, ஸென் நேனோ, ஸென் நேனோ பிளஸ், ஸென் ஸ்லீக், ஸென் நியான், ஸென் விஷன், ஸென் விஷன் எம், ஸென் வி, ஸென் வி பிளஸ், ஸென் ஸ்டோன், ஸென் ஸ்டோன் பிளஸ். இது போக மூவோ என்று தனியாக ஒரு குடும்பம். மருமகளுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கப் போன மாமா, "ஐபாட் கொடுப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஸென் வாங்கப் போனவர் வீட்டுக்குப் போன் போட வேண்டும்.

2005 ஜனவரியில் திரையே இல்லாத ஐபாட் ஷஃபிள் வந்தது, 99 டாலரிலிருந்து. சிம் வோங் ஹூ சிரித்தார். ஐந்து தலைமுறை பழைய சாமான், மலிவான சீன பிளேயரில்கூடத் திரையும் எஃப்எம்மும் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. ஷஃபிள் அமோகமாக விற்றது.

மற்றவர்களைப் பற்றி ஒரே மூச்சில்: சோனி தன் சொந்தக் கோப்பு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு எம்பி3க்குத் தாமதமாக வந்தது, மைக்ரோசாஃப்ட் ஸூன் 2006ல் பழுப்பு நிறத்திலும் வந்தது, சான்டிஸ்க் ஐபாட் வைத்திருப்பவர்களை ஆட்டு மந்தை என்று விளம்பரம் செய்தது. வாங்க வருகிறவனை ஆடு என்று திட்டி வியாபாரம் பண்ணுவதை எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்?

சரி, அந்த நூறு மில்லியன். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஆயிரக்கணக்கான பாட்டை ஒரு குட்டிப் பெட்டிக்குள் போட்டால், வேண்டியதை எப்படி எடுப்பது? கிரியேட்டிவின் வழி: பாடகர் பட்டியல் ஒரு திரை, அவரைத் தேர்ந்தெடுத்தால் ஆல்பங்கள் அடுத்த திரை, ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தால் பாட்டுகள் அதற்கடுத்த திரை. ஒன்றுக்குள் ஒன்று. இதற்கு 2001 ஜனவரியில் காப்புரிமை கேட்டது. ஐபாட் வந்ததோ அந்த வருஷம் அக்டோபரில். காப்புரிமை 2005 ஆகஸ்டில் கிடைத்தது. 2006 மே மாதம் ஆப்பிள் மேல் கிரியேட்டிவ் வழக்கு, உடனே ஆப்பிளும் பதிலுக்கு வழக்கு, ஆகஸ்டில் சமரசம். இவ்வளவு முன்கூட்டிய காப்புரிமை கிடைத்தது கிரியேட்டிவின் அதிர்ஷ்டம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிக்கை விட்டார். நூறு மில்லியன் கொடுக்கும்போதும் ஒரு குத்து.

ஆனால் மக்களே, அந்த நூறு மில்லியன் டாலர் மெனு நம் பாட்டுக்கு ஒத்து வந்ததா? முதல் படியிலேயே வழுக்கும். பாடகர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது? நாம் இளையராஜா பாட்டு என்போம். பாடியவர்கள் எஸ்.பி.பி.யும் ஜானகியும். மெனுவுக்கு அது புரியாது. எஸ்.பி.பி.யோ புள்ளி வைத்து ஒருவர், புள்ளி இல்லாமல் ஒருவர், இடைவெளி விட்டு ஒருவர், பாலசுப்ரமணியம் என்று முழுப்பெயரில் ஒருவர், அதே பெயர் கடைசி எழுத்து மாறி இன்னொருவர். என் பிளேயரில் ஆறு எஸ்.பி.பி. இருந்தார்கள். அத்தனை பேரையும்விட அதிகப் பாட்டுப் பாடியவர் யார் தெரியுமா? பாடகர் இடத்தில் தன் பெயரையே எழுதி, பாட்டை இறக்கிக் கொடுத்த வெப்சைட். ஒரு பள்ளி விடுமுறையில் நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகத் திருத்தினேன். ஆறு எஸ்.பி.பி. இரண்டானார்கள். அதற்குமேல் முடியவில்லை.

நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

சமரசத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ஐபாடுக்கான துணைச் சாமான் செய்ய ஆப்பிள் நடத்திய 'மேட் ஃபார் ஐபாட்' திட்டத்தில் கிரியேட்டிவும் சேரும். போர் அறிவித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எதிரியின் பிளேயருக்கு ஸ்பீக்கர் செய்து விற்கும் உரிமை! பலகை இல்லாத இடத்தில் எடுத்த யூ-டர்ன்.

[திரையில்: மேசை மேல் ஒரு நீல ஸென் மைக்ரோ.]

இது எங்கள் மாமாவுடையது. பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, நேற்று ராத்திரி முழுக்கச் சார்ஜில் வைத்தேன். இதோ, பட்டனைச் சுற்றி நீல விளக்கு எரிகிறது. ரேடியோவுக்குப் போகிறேன். மாமா ஒரே ஒரு அலைவரிசையைத்தான் சேமித்து வைத்திருக்கிறார். 96.8. கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுகிறேன், கேட்கிறதா?