பாண் ஆட்டோவில் வந்த பீத்தோவன்

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

புதிய இசையைத் தேடிக் கேட்பதில் உள்ள சந்தோசத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பாடகன் இல்லை. சுருதிப் பெட்டியை எந்தப் பக்கத்தால் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. பாடுகிறவர்களுக்கு மேடை நிறைய உண்டு. கேட்கிறவர்கள் சார்பிலும் ஒருவன் பேசட்டுமே என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

உங்கள் எல்லோருடைய ஒழுங்கைக்கும் பாண் ஆட்டோ வருகிறது. உவர்மலைக்கு வருகிறது, பாலையூற்றுக்கு வருகிறது, அலஸ்தோட்டத்துக்கும் வருகிறது. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாண், பணிஸ், மாலுபணிஸ். ஆட்டோ கண்ணில் படுவதற்கு முன்னமே அதன் மெட்டு வந்துவிடும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு, மாறி மாறி, போகவா நிற்கவா என்று தயங்கிவிட்டு, பிறகு கீழே இறங்கும். அதைக் கேட்டதும் நமக்குப் பசி வருகிறது. சில்லறை எங்கே என்று தேடுகிறோம். படலை திறக்கிறது.

அந்த மெட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பீத்தோவன் எழுதியது. 1810இல், பியானோவுக்காக எழுதினார். எலீஸ் என்ற ஒரு பெண்ணுக்காக எழுதியது என்று தலைப்பு சொல்கிறது. அந்த எலீஸ் யார் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் பிடுங்குப்படுகிறார்கள். பீத்தோவன் இறந்தது 1827இல். இது அச்சில் வந்தது 1867இல். இந்த மெட்டை அச்சில் பார்க்காமலே மனுசன் போய்விட்டார். திருகோணமலையில் அது பாண் விற்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

தாய்வானில் இதே மெட்டைக் குப்பை வண்டியில் போடுகிறார்கள். வண்டி வரும் சத்தம் கேட்டதும் சனம் குப்பைப் பையோடு தெருவுக்கு இறங்குகிறது. ஒரே மெட்டுத்தான். இங்கே கேட்டால் வாயூறும், அங்கே கேட்டால் மூக்கைப் பொத்த வேண்டும். இந்த மெட்டுக்கு இந்த உணர்ச்சி என்று அடித்துச் சொல்கிறவர்கள் தைப்பேயில் இறங்கி ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்கலாம்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. பாண் ஆட்டோ நமக்குத் தருவது தொடக்கத்தை மட்டும்தான். சில வினாடி போனதும் திரும்பவும் முதலில் இருந்து. முழுவதும் வாசித்தால் மூன்று நிமிடத்துக்குக் கிட்டப் போகும். நாம் அறிந்த அந்த மெட்டு அதில் திரும்பத் திரும்ப வருகிறது, நடுவே வேறு இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதலாவது வெளிச்சமானது, விரல்கள் ஓடி விளையாடும். இரண்டாவதில் இடது கை அடியில் ஒரே சுரத்தைப் பிடித்து விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். மேலே வலது கை கனத்த சுரக்கூட்டங்களாக நகரும். பாணும் பணிஸும் அந்த இடத்தில் ஞாபகத்துக்கே வராது. அப்புறம் சுரங்கள் மேலே ஏறி, ஒவ்வொரு படியையும் தொட்டுக்கொண்டு இறங்கி, பழைய மெட்டில் வந்து சேரும். ஒரு சுரமும் மாறவில்லை. ஆனால் அந்த இருட்டுக்குள்ளால் போய் வந்த காதுக்கு அது முன்பு கேட்ட மெட்டு இல்லை.

நாள்தோறும் வாசலுக்கு வந்த ஒன்றில் முக்கால்வாசியை நான் கேட்டிருக்கவில்லை. புதிய இசை என்றதும் நாம் தூர தேசத்தை நினைக்கிறோம். பாதி கேட்டுவிட்டு விட்ட இசை நம் ஒழுங்கையிலேயே நிறையக் கிடக்கிறது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

மொன்றியலில் ஓர் ஆய்வு செய்தார்கள். மொன்றியல் என்றால் நமக்குப் புது இடமா, நம் உறவுக்காரர் இல்லாத தெரு அங்கே இருக்குமோ தெரியாது. 2013இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. 19 பேரை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, அவர்கள் முன்பு கேட்டிராத 60 பாட்டுத் துண்டுகளைப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் காசில் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சும்மா பிடிச்சிருக்கு என்று சொல்ல எல்லோராலும் முடியும், காசு கேட்டால்தான் உண்மை வரும். அந்த ஆய்வாளர்களுக்கு நம்மூர்க் கடைக்காரரின் புத்தி இருந்திருக்கிறது. கூடக் காசு கொடுக்க முன்வந்த துண்டுகளுக்கு, மூளையில் பரிசு, எதிர்பார்ப்பு இவற்றோடு தொடர்புள்ள ஒரு சிறிய பகுதி கூட வேலை செய்தது. அதோடு, ஒலியைக் கையாளும் பகுதியும் அதனுடன் சேர்ந்து இயங்கியது. வாழ்நாள் முழுக்கக் கேட்டதெல்லாம் சேர்ந்திருப்பது அந்தப் பகுதியில்தான்.

அதாவது புதிய பாட்டைக் கேட்கும்போது காது சும்மா இருப்பதில்லை. அடுத்த சுரம் இதுவாகத்தான் இருக்கும் என்று பழைய கணக்கை வைத்து ஊகித்துக்கொண்டே போகிறது. ஊகம் சரியாக வந்தால் ஒரு திருப்தி. கொஞ்சம் பிசகி, ஆனால் பிசகியது நன்றாக இருந்தால், அதுதான் சந்தோசம். முழுக்கப் பிசகினால் நிறுத்து என்கிறோம். என் மகள் கொரியப் பாட்டுப் போடும்போது முதலில் நான் சொன்னதும் அதைத்தான். அவள் நிறுத்தவில்லை. அதனால் இப்போது தேத்தண்ணி ஊற்றும்போது எனக்கே அந்த மெட்டு வாயில் வருகிறது, வார்த்தைகள் மட்டும் ஒன்றும் விளங்காது. அடிக்கடி கண்ணில் படுகிற பொருள் அதனாலேயே பிடித்துப்போகும் என்று ரொபேர்ட் ஸயொன்க் என்ற உளவியலாளர் 1968இல் எழுதினார். இரண்டாம் முறை கேட்காமல் எந்தப் பாட்டையும் தள்ளாதீர்கள் என்பேன்.

இப்போது பாட்டுத் தேடுவது சுலபம். 2002இல் லண்டன்காரர் ஒருவர் கடையில் கேட்ட பாட்டின் பெயர் வேண்டுமென்றால், 2580 என்ற எண்ணை அழைத்து, போனைப் பாட்டுப் பக்கம் பிடிக்க வேண்டும். பிறகு குறுஞ்செய்தியில் பெயர் வரும். பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷசாம் என்ற செயலி அப்படித்தான் தொடங்கியது. இன்றைக்கு விரலால் ஒரு தட்டு. 2021இல், இணையத்தில் பாட்டுக் கேட்க வைக்கும் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கும் வந்துவிட்டது. திங்கட்கிழமை தோறும் உங்களுக்கென்று 30 பாட்டுகள் கோர்த்துத் தருகிறது. நானும் கேட்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஏற்கெனவே கேட்டதன் அயலில்தான் அது தேடுகிறது. உங்கள் ரசனைக்கு வேலி போட்டு, அந்த வேலிக்குள்ளேயே உங்களை உலாவவிடுகிற வேலை அது.

இலங்கை வானொலி நாம் கேட்காததை எல்லாம் போட்டது. இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்த 1950களில் இந்தியச் சனம் இந்திப் பாட்டுக் கேட்கக் கொழும்புக்குத்தான் முள்ளைத் திருப்பியது. தமிழ்நாட்டிலும் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. நம் பக்கமும் ஒலிபரப்புக்குப் புதிதில்லை: ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி இங்கேதான் மறு ஒலிபரப்பு நிலையம் வைத்திருந்தது, 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கேட்டலில் ஒரு நன்மை: அடுத்த பாட்டு என்னவென்று தெரியாது, பிடிக்காவிட்டாலும் தாண்டிப் போக வழியில்லை. கொழும்பு பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் அதே நிலைதான். ஹபறணை தாண்டும் மட்டும் சாரதியின் ரசனைதான் நம் ரசனை.

அந்த பஸ்ஸில் பைலா ஓடும். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்ததும் ஓடும். பைலாவை நாம் ஆடத் தெரிந்து வைத்திருக்கிறோமே ஒழியக் கேட்டதில்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். கோட்டைக்குள்ளே இன்றைக்கு மான் மேய்கிறது. அவர்களோடும், அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களோடும் வந்து கலந்த பாட்டிலும் ஆட்டத்திலும் இருந்துதான் பைலா பிறந்தது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் உள்ள பறங்கியர் வீடுகளில் அந்தப் போர்த்துக்கேயக் கலப்பு மொழியும், வயலினோடும் றபானாவோடும் ஆடுகிற கஃப்ரிஞ்ஞாவும் கிடந்தன. அடுத்த முறை ஆடாமல் ஒரு ஓரத்தில் நின்று தாளத்தை எண்ணிப் பாருங்கள். ஆறு ஆறாக வரும். மூன்றாகவும் எண்ணலாம், இரண்டாகவும் எண்ணலாம், அந்த இழுபறியில்தான் இடுப்பு அசைகிறது. கோயிலை இடித்தவர்களின் கப்பலில் வந்த தாளம் என்று நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, காலும் தானாகத் தட்டுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

கோயில் என்றதும் பதிகம் வருகிறது. சம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகம் இங்கே பலருக்கு மனப்பாடம். அதன் பண் புறநீர்மை. பூபாளத்தோடு இணைத்துச் சொல்வது வழக்கம். பூபாளத்தில் ஐந்தே சுரம், மத்திமமும் நிஷாதமும் கிடையாது, விடியற்காலைக்கு உரியது. நாம் பொருளைப் பிடித்துக்கொண்டு பண்ணை விட்டுவிடுகிறோம். காலைப் பூசைக்குப் போகிறவர்கள் ஒருநாள் சொல்லைக் கவனிக்காமல், ஓதுவார் எந்தச் சுரத்தில் நிற்கிறார், எதைத் தொட்டுவிட்டு விடுகிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சாமி கோபிக்க மாட்டார்.

கடைசியாகக் கரைவலைக்கு வருகிறேன். நிலாவெளிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும், இரண்டு கயிறு, இரண்டு அணி. ஒருவர் அம்பா என்ற வலையிழுப்புப் பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது எல்லோர் குதியும் ஒன்றாக மணலுக்குள் இறங்கும். தொடக்கத்தில் துள்ளலாகப் போகும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கக் கயிறு கனக்கும், பாட்டின் நடை தளரும், இடையில் மூச்சு நீளும். பாட்டைக் கேட்டே வலை எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடலாம். அதை எழுதிவைத்த புத்தகங்களில் வரிகள் இருக்கும், இந்த நடை இருக்காது. பிறகு பல இடங்களில் கயிற்றை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கியது. அதற்குப் பாட்டுத் தேவையில்லை. தொழிலாளியின் முதுகுக்கு அது நல்லது, அதை மறுக்க எனக்கு உரிமையில்லை.

சல்லியிலிருந்து ஓர் ஐயா முன்வரிசையில் வந்து இருக்கிறார். அம்பா எடுத்துக் கொடுக்கக்கூடியவர் என்று சொன்னார்கள். நான் வாங்கிக்கொண்ட நேரம் போதும். ஐயா, மேலே வாங்கோ. தம்பிமார் இரண்டு பேர் மைக்கைக் கொஞ்சம் பதித்து வையுங்கள், அவர் இருந்துகொண்டு பாடட்டும். போனில் பதிகிறவர்கள் விசிறிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், காற்றுச் சத்தம் ஏறிவிடும்.