காட்டுமாடு குறுக்க வந்தா உங்களுக்கு யாரு காசு தருவா?

வணக்கம் மக்களே! கோத்தகிரி – மேட்டுப்பாளையம் ரோட்ல வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசறேன். காத்து அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா பொறுத்துக்கங்க.

ராத்திரி நேரம், மிஸ்ட். வளைவு திரும்புறீங்க, நடு ரோட்ல காட்டுமாடு. ஒடிச்சுத் திருப்புனதுல வண்டி தேயிலைத் தோட்டத்துக்குள்ள இறங்கிருச்சு. எதிர்ல வண்டி இல்ல, யார் மேலயும் தப்பு இல்ல. காட்டுமாட்டு மேல கேஸா போட முடியும்?

"தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கே ப்ரோ"ம்பீங்க. அது நீங்க இடிச்ச ஆளுக்குங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 164ன்னு ஒரு பிரிவு இருக்கு. தப்பு யாரோடதுன்னு நிரூபிக்காமலே, உயிர் போனா 5 லட்சம், பலத்த காயம்னா இரண்டரை லட்சம். 2022 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. ஆனா ஸ்டியரிங்கப் பிடிச்ச ஓனரே தன் வண்டி மேல அதக் கேக்க முடியாது.

ஓனருக்குன்னு இருக்கிறது பி.ஏ. கவர், ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு. முன்னாடி பைக்குக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம்தான். நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் 2018 செப்டம்பர்ல ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கண்காணிக்கிற அமைப்பு, அத 15 லட்சமா ஏத்துச்சு. தப்பு உங்களோடதா, மாட்டோடதான்னு இதுல கேள்வியே வராது. லைசென்ஸ் செல்லுபடியா இருக்கணும்.

இப்ப ஃபோனப் பாருங்க, க்ளோஸ்ல காட்டறேன். ஆன்லைன்ல ரினியூ பண்ற பக்கம். இங்க சின்னதா ஒரு டிக் பாக்ஸ், "எனக்கு ஏற்கனவே 15 லட்சம் பி.ஏ. பாலிசி இருக்கு"ன்னு. சில நூறு ரூபா குறையுதேன்னு, பாலிசியே இல்லாம நம்மாளுங்க இதத் தட்டிடறாங்க. நெஜமாவே வேற பாலிசி இருந்தா தட்டுங்க, தப்பில்ல. நாலு வண்டி வச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு கவர் போதும், 2019ல இருந்து தனியாவே வாங்கலாம்.

நம்ம மலையில பெரிய சிக்கல் ஆர்.சி.தாங்க. பழைய ஜீப், பிக்கப் வாங்குவோம். பேர் மாத்தற 29, 30 ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி பீரோவுல வச்சுப்போம், பேர் மாத்த மாட்டோம். கேரட் லோடு ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டறது நீங்க, ஆர்.சி.யில இருக்கிறது எவரோ ஒருத்தர். அந்த 15 லட்சம் ஆர்.சி.யிலயும் பாலிசியிலயும் பேர் இருக்கிற ஆளுக்குத்தான். பிரீமியம் உங்க பாக்கெட்ல இருந்து போனாலும் கவர் உங்களுக்கு இல்ல.

மச்சான் வண்டிய இரவல் வாங்கி ஓட்டுனாலும் தேர்ட் பார்ட்டி காசு வராது. இரவல் வாங்கினவர் ஓனர் இடத்துலதான் நிக்கிறார், மூன்றாம் நபர் ஆக மாட்டார்னு 2020ல ராம்கிலாடி வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. சம்பளத்துக்கு ஓட்டற டிரைவர் நிலைமை பரவாயில்ல. அவருக்குச் சட்டப்படி தொழிலாளர் இழப்பீடு உண்டு, அங்கயும் யார் தப்புன்னு பாக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, எனக்கே கடுப்பா இருக்கிற விஷயம். 15 லட்சம்னதும் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுவாங்கன்னு நினைக்காதீங்க. உயிர் போனாலோ, ரெண்டு கை, கால், கண் போனாலோ, நிரந்தரமா முடங்கிட்டாலோதான் முழுத் தொகை. ஒண்ணு போனா பாதி. கால் எலும்பு முறிஞ்சு மூணு மாசம் படுத்து எந்திரிச்சு நடந்துட்டா, ஒரு பைசா கிடையாது. அதுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் தனியா வேணும்.

உடனடி வைத்தியத்துக்கு நம்ம ஸ்டேட்ல "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்கு. 2021 டிசம்பர்ல வந்தது, முதல் 48 மணி நேரம் இலவசம். மத்திய அரசும் 2025 மே மாசம் 7 நாளைக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும்னு ஒரு திட்டம் அறிவிச்சிருக்கு. ஓட்டுனது நீங்களா, பின்னாடி உக்காந்தவரான்னு ரெண்டுலயும் பிரிச்சுப் பாக்கறதில்ல.

பாலிசிய எடுங்க. பி.ஏ. ஓனர்-டிரைவர்ங்கற வரியில தொகை இருக்கா, நாமினி பேர் எழுதியிருக்கான்னு பாருங்க. நாமினி இடத்துல கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட அப்பா பேரே இருந்தா, இந்த ரினியூவல்லயே மாத்திக்கங்க.