மண்ணில் ஓடும் வண்டிக்கு மணிக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூர் சுற்றுவட்டாரத்தில் டர்ட் ரேஸ் என்னும் மண் பாதை பைக் பந்தயம் நடக்கும் இடங்களில், டிராக் ஓரமாகத் தார்ப்பாய் விரித்து ஸ்பேனர் பிடிக்கிறவன் நான். ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணில் ஓட்டும் பிள்ளைகள் வருவார்கள். பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கைத் தேடிப்பிடித்து ரேஸுக்குத் தயார் செய்தவர்களும் வருவார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம் ஆயில் மாத்தணும்?"

தார் ரோட்டுக்கு அந்தக் கணக்கு சரி. மண்ணில் முதல் இரண்டு கியரிலேயே, கிளட்சைப் பாதி பிடித்தபடி, இன்ஜினை உச்சத்தில் அலறவிட்டுத்தான் ஓட்டுகிறோம். அரை நாள் ஓட்டினாலும் மீட்டரில் இருபது, முப்பது கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும். இன்ஜின் பட்ட பாடு அந்த மீட்டருக்குத் தெரியாது. அதனால்தான் ரேஸுக்கென்றே செய்த மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு ஆயில் மாற்றுவதை மணிக் கணக்கில் சொல்கிறார்கள். பத்து, பதினைந்து மணி நேரம் ஓடினாலே பழைய ஆயிலை இறக்கிவிடுவார்கள். ரோட்டு வண்டியை மண்ணில் ஓட்டுகிறவர்கள் கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் பாதிக்கே மாற்றிவிடுங்கள் என்பேன். ஒரு சின்ன நோட்டு போட்டு, எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்று குறித்து வையுங்கள்.

நம் ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நீர்த்துப்போக வைக்கும். கிளட்ச் பிளேட் தேயும் தூளும் அதே ஆயிலில்தான் கலக்கும். ஆகவே டப்பாவில் ஜாசோ (JASO) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று, ஆயிலில் குளிக்கும் பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான ஜப்பானியத் தரக்குறி போட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டில் மீந்த கார் ஆயிலை ஊற்றிவிட்டு ஒரு தம்பி வந்தான். "முறுக்கினா சத்தம் ஏறுது, வண்டி ஏறமாட்டேங்குது" என்றான். சில கார் ஆயில்களில் வழுக்கல் தரும் மருந்து சேர்த்திருப்பார்கள். கிளட்ச் பிளேட் பிடிமானம் இல்லாமல் சறுக்கிவிடும்.

ஆயிலைப் பற்றிப் பேச வந்தவன் இன்ஜினுக்குள் தூசி போகாமல் தடுக்கும் ஏர் பில்டருக்குப் போகிறேனே என்று நினைக்காதீர்கள். மண்ணில் இரண்டும் ஒரே வேலை. நம் செம்மண் புழுதியில் நுண்ணிய மணல் இருக்கிறது. அது உள்ளே போய் ஆயிலோடு சேர்ந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

ஒருமுறை அவசரத்தில் நானே ஒரு பில்டரைச் சரியாக உட்கார வைக்காமல் மூடிவிட்டேன். ஓர் ஓரத்தில் நகக்கண் அளவு இடைவெளி. இரண்டே ஞாயிறு ஓடியது. சைலன்சரில் நீலப் புகை. பிரித்துப் பார்த்தால், சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள். நகத்தை வைத்துத் தடவினால் தட்டியது. சிலிண்டரைக் கடைந்து ரீபோர், புது பிஸ்டன், புது ரிங். அந்தப் பையன் சேர்த்து வைத்த பணம் என்னால் போனது என்பது இன்றும் என் மனதை அறுக்கிறது.

ஃபோம் பில்டரைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் ஒரு பக்கம். ஒட்டுப் பசை விட்டுப்போகும் என்பது இன்னொரு பக்கம். அதற்கென்று விற்கும் கிளீனரிலோ சோப்புத் தண்ணீரிலோ அலசி, முறுக்காமல் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிழியுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு பில்டர் ஆயில் விட்டு எல்லா இடமும் ஒரே மாதிரி ஊறும்படி பிசையுங்கள். மாட்டும்போது விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். கடைசியாக, விரலை விளிம்பு முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

ஆயில் இறக்கும்போது இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே இன்ஜினுக்கு அடியில் ஆயில் இறக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். வாஷரை மாற்றுங்கள். இறங்கிய ஆயில் கறுப்பாக இருந்தால் பயமில்லை. விரலில் தேய்த்துப் பாருங்கள். பழைய இன்ஜினில் உலோகச் செதில் தட்டுப்பட்டால் உள்ளே எதுவோ தின்கிறது. பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஓடையில் வண்டி விழுந்து அப்படி ஆகியிருந்தால், ஆயிலை மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது டூ ஸ்ட்ரோக் வண்டி; அதில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகிறது. ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுகிறவர்கள் கண்ணளவில் ஊற்றாதீர்கள். நாற்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 25 மில்லி. அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். கியர் ஆயில் அதில் தனி. அதைப் பலர் வருஷக்கணக்கில் மறந்தே விடுகிறார்கள்.

இறக்கிய ஆயிலைத் தயவுசெய்து வாய்க்காலில் விடாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். புது ஆயில் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் இரண்டு நிமிடம் கழித்து வண்டியைச் சமதரையில் நேராக நிமிர்த்திப் பிடித்து அளவு பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்த அளவு பொய் சொல்லும். பிறகு குனிந்து, ட்ரெயின் போல்ட்டைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி காய்ந்தே இருந்தால் கிளம்பலாம்.

நன்றி, வணக்கம்.