அலாரம் எப்போது வந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூரிலும் கிண்டியிலும் ஒரகடத்திலும் கணினிக் கட்டளைப்படி இயங்கும் சிஎன்சி எந்திரங்களைப் பராமரிக்கும் நண்பர்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். ஓடிக்கொண்டிருந்த எந்திரம் நின்றுவிடுகிறது. மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் சர்வோ டிரைவில், மின்னோட்டம் அளவு மீறிவிட்டது என்று சொல்லும் ‘ஓவர்கரன்ட்’ அலாரம் எரிகிறது. உற்பத்தி தடைபடுகிறதே என்ற பதற்றத்தில் கை நேராக ரீசெட் பொத்தானுக்குத்தான் போகும். அந்தக் கையைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

415 வோல்ட் மும்முனை மின்சாரம் டிரைவுக்குள் ஏறத்தாழ 580 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி, ஐஜிபிடி எனப்படும் ஆறு மின்னணு சுவிட்சுகளின் வழியே மோட்டாருக்குப் போகிறது. மோட்டாரிலோ கேபிளிலோ ஷார்ட் இருந்தால், அந்தச் சுவிட்சுகள் பொதுவாக 10 மைக்ரோ விநாடி அளவுக்குத்தான் தாங்கும்; அதற்குள் பாதுகாப்புச் சுற்று அவற்றை அணைத்துவிட வேண்டும். ஷார்ட் இருக்கும்போதே திரும்பத் திரும்ப ரீசெட் செய்தால், மோட்டாரோடு முடிந்திருக்க வேண்டிய பழுது டிரைவையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

ஆகவே, அலாரம் எந்த நொடியில் வந்தது என்பதை ஆபரேட்டரிடம் முதலில் கேளுங்கள். மின்சாரம் கொடுத்ததுமே, சர்வோ ஆன் ஆவதற்கு, அதாவது டிரைவ் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்குவதற்கு, முன்பே வந்தால் சந்தேகம் டிரைவின் மேல். சர்வோ ஆன் ஆன கணத்தில் வந்தால் கேபிள், மோட்டார், ஐஜிபிடி ஆகிய மூன்றில் ஒன்று. வேகமெடுக்கும்போது வந்தால், பிரேக் விடுபடாமல் இருப்பது, எந்திரப் பகுதி இறுகியிருப்பது, டிரைவ் எவ்வளவு விறைப்பாக எதிர்வினை காட்ட வேண்டும் என்பதைக் குறிக்கும் கெயின் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருப்பது, மோட்டார் மாற்றிய பின், அதன் சுழல் நிலையை டிரைவுக்குச் சொல்லும் என்கோடரின் நிலை பிசகியிருப்பது ஆகியவற்றைப் பாருங்கள்.

மேசை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போகும்போது மட்டும் வருகிறதென்றால், பெரும்பாலும், நகரும் பகுதியோடு கேபிளைச் சுமந்து வளையும் டிராக் செயினுக்குள் ஓடும் கேபிளில்தான் கோளாறு. இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. நின்ற நிலையில், மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். மின்சாரத்தைத் துண்டித்து, ஒருவர் மேசையை நகர்த்தும் திருகான பால் ஸ்குரூவைக் கையால் மெல்லத் திருப்ப, மற்றவர் மெக்கரையே பார்த்துக்கொண்டிருந்தால், செயின் வளையும் அந்த ஓரிடத்தில் முள் சட்டென்று விழும். உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே காப்பு தேய்ந்து செம்புக் கம்பி தெரியும்.

சோதனைக்கு முன் மின்சாரத்தை அணைத்து, டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். விளக்கு அணைந்துவிட்டது என்று நம்பிவிடாமல், நேர்மின் முனைகளை மீட்டரால் அளந்து பாருங்கள். பிறகு மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ கம்பிகளை டிரைவிலிருந்து கழற்றிவிட்டுச் சர்வோவை ஆன் செய்து பார்க்கலாம். அப்போதும் ஓவர்கரன்ட் வந்தால் பழுது டிரைவில்தான். ஆனால் செங்குத்து அச்சில் இதைச் செய்யும்போது மிகுந்த கவனம் தேவை. சர்வோ ஆன் ஆனதும் பிரேக் விடுபடும், தாங்கிப் பிடிக்க மோட்டாருக்கு விசை இருக்காது, வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் தலை அப்படியே கீழே இறங்கும். முதலில் கட்டை கொடுத்து முட்டுக்கொடுங்கள். பிரேக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

500 வோல்ட் மெக்கரை மோட்டார் பக்கம் மட்டும் வையுங்கள். டிரைவிலோ என்கோடர் கம்பியிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், மோட்டாரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் உள்ளே இறங்கியிருந்தால் பின்களில் பச்சை படிந்திருக்கும். மெக்கர் நன்றாகக் காட்டியும் அலாரம் தொடர்ந்தால், சுருளுக்குள்ளேயே ஷார்ட் இருக்கலாம். எர்த்துக்கு அளக்கும் கருவியில் அது தெரியாது. மூன்று முனைகளின் மின்தடையை ஒப்பிட வேண்டும், அதுவும் பல மோட்டார்களில் 1 ஓமுக்கும் குறைவு என்பதால் மில்லி ஓம் மீட்டர் வேண்டும்.

சென்னைக்கென்று ஒரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில், ஏசி ஓடிக் குளிர்ந்திருக்கும் பேனலின் கதவைத் திறந்தால், ஈரக்காற்று உள்ளே புகுந்து டிரைவின் போர்டில் நீர்த்துளியாகப் படிகிறது. அவசரமில்லாத வேலையென்றால், பேனல் ஏசியை முன்கூட்டியே நிறுத்தி, உள்வெப்பம் வெளியோடு ஒத்து வந்தபின் கதவைத் திறப்பது நல்லது.

வணக்கம்.