சேற்றில் வாலை இழுத்துச் செல்லும் ஆமை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘சீன ஞானி சுவாங்சியின் எழுத்து நமக்குச் சொல்வது வாழும் வழியா, விலகி ஓடும் வழியா?’ இதுதான் தலைப்பு. வாழும் வழியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று கதைகளை எடுத்து வைத்தார். அரசன் கொடுத்த பதவியை சுவாங்சி வேண்டாம் என்றார். மனைவி இறந்த வீட்டில் பாத்திரத்தைத் தட்டிப் பாடினார். ஒன்றுக்கும் உதவாத மரத்தைப் புகழ்ந்தார். ஆகவே அவர் ஓடிப்போனவர் என்று முடித்தார். மூன்று கதைகளும் நூலில் இருப்பவைதான். நண்பர் எதையும் திரிக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வரியை விட்டுவிட்டுப் போனார். அந்த வரிகளை எடுத்து வைப்பதுதான் என் வேலை.

முதலில் அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டு. சீனம் ஒரே நாடாக இல்லை. ஏழு பெரிய அரசுகள் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்த காலம். ‘போரிடும் அரசுகளின் காலம்’ என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். இந்தப் பெரிய அரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்ன நாடு சொங். அங்கே மெங் என்ற ஊரில் பிறந்தவர் சுவாங்சி. அரக்குத் தோட்டம் ஒன்றில் சிறிய அதிகாரியாக இருந்தார் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுகிறார். அவர் பெயரில் இன்று நம்மிடம் இருப்பது 33 அத்தியாயங்கள். முதல் ஏழு அவருடையவை, மற்றவற்றில் பெரும்பகுதி அவர் வழி வந்தவர்கள் எழுதியவை என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அவர் பிறந்த சொங் நாடு கி.மு. 286-ல் வரைபடத்திலிருந்தே அழிந்துபோனது.

சரி, ஆமைக் கதைக்கு வருகிறேன். பு ஆற்றங்கரையில் சுவாங்சி தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சூ நாட்டு அரசன் அனுப்பிய இரண்டு அதிகாரிகள் வந்து, நாட்டின் நிர்வாகத்தை ஏற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் தூண்டிலை விடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. “உங்கள் நாட்டில் ஒரு புனித ஆமை இருக்கிறதாமே. செத்து மூவாயிரம் வருடம் ஆகிறதாம். துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, அரசர் அதைக் கோயிலில் காப்பாற்றுகிறாராம். அந்த ஆமை எதை விரும்பும்? செத்து, எலும்புக்கு மரியாதை கிடைப்பதையா, உயிரோடு சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு திரிவதையா?” என்று கேட்கிறார்.

நண்பர் விட்ட வரி இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பதில் சொன்னது சுவாங்சி இல்லை, அந்த அதிகாரிகள்! “உயிரோடு சேற்றில் திரிவதைத்தான் விரும்பும்” என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். அதற்கப்புறம்தான் அவர், “அப்படியானால் போய் வாருங்கள், நானும் சேற்றிலேயே இருந்துகொள்கிறேன்” என்கிறார். பதவியில் இருப்பவனுக்கே தெரிந்த உண்மையை அவனையே சொல்ல வைத்தார். இதில் ஓட்டம் எங்கே இருக்கிறது? பெட்டிக்குள் போவதுதான் வாழ்க்கையை விட்டு ஓடுவது. சேறு என்பது வாழும் இடம் ஐயா.

எதிரணியில் இன்னொருவர் சுன்சியை மேற்கோள் காட்டினார். சுன்சி பெரிய கன்பூசிய அறிஞர், மறுக்கவில்லை. ‘சுவாங்சியின் கண்ணை வானம் மறைத்துவிட்டது, அவருக்கு மனிதனைத் தெரியவில்லை’ என்று அவர் எழுதியதும் உண்மை. ஆனால் அதே சுன்சியிடம் படித்த மாணவர் ஒருவரின் கதையையும் கேளுங்கள். லி சி என்று பெயர். சின் நாட்டுக்குப் போய்ப் படிப்படியாக உயர்ந்து, சீனம் முழுவதையும் ஒன்றாக்கிய பேரரசருக்குத் தலைமை அமைச்சர் ஆனார். கி.மு. 213-ல் நூல்களை எரிக்கச் சொன்ன யோசனை அவருடையது. ஐந்தே வருடம் கழித்து, அரண்மனைச் சூழ்ச்சியில் சிக்கி, சந்தைவெளியில் இடுப்போடு வெட்டிக் கொல்லத் தீர்ப்பானது. கொலைக்களத்துக்குப் போகும் வழியில் மகனைப் பார்த்து, “நம் பழுப்பு நாயைக் கூட்டிக்கொண்டு, ஊரின் கிழக்கு வாசல் வழியாக உன்னோடு முயல் வேட்டைக்குப் போக ஆசையாக இருக்கிறது, இனி முடியுமா?” என்று கேட்டு அழுதார் என்கிறார் சிமா சியான். நாயும் மகனும் ஊர் வாசலும்தான் அவர் கடைசியில் கேட்டவை. சுவாங்சி சேறு என்று சொன்னது இதைத்தான்.

மனிதனைத் தெரியாதவரா சுவாங்சி? அவர் நூலில் யார் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். இறைச்சி வெட்டுகிறவர், சக்கரம் செய்கிறவர், தச்சர், கூனர், தண்டனையில் பாதம் வெட்டப்பட்டவர். பாதத்தை வெட்டுவது அன்றைக்கு அரசு கொடுத்த தண்டனை. அப்படிப் பாதம் இழந்த ஷென்து ஜியாவும், ஜெங் நாட்டு அமைச்சர் சிசானும் ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள். அமைச்சருக்குக் கூச்சம். “நான் வெளியே போனால் நீ உள்ளே இரு, நீ போனால் நான் இருக்கிறேன்” என்கிறார். மறுநாளும் ஷென்து ஜியா அதே பாயில் வந்து உட்காருகிறார். “அமைச்சரைப் பார்த்தும் ஒதுங்க மாட்டாயா? எனக்குச் சமம் என்று நினைப்பா?” என்று சிசான் சீறுகிறார்.

அவர் சொன்ன பதிலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். “முழுப் பாதம் உள்ளவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் பொங்கும். ஆசிரியரிடம் வந்தால் அது போய்விடும். 19 வருடமாக அவரோடு இருக்கிறேன். எனக்குப் பாதம் இல்லை என்பது அவருக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.” சிசான் முகம் மாறி, “போதும், இனிமேல் பேசாதே” என்றார். அதிகாரத்தின் முகத்துக்கு நேரே இப்படி ஒரு காட்சியை எழுதியவரையா, மனிதனை அறியாதவர் என்பது?

மரக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பயன்படாத மரத்தை யாரும் வெட்டவில்லை, அதனால் பயன்படாமல் இருப்பதே தப்பிக்கும் வழி என்று நண்பர் பேசினார். அதே நூலின் இருபதாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். மலையில் உதவாத மரம் ஒன்று தப்பித்ததைப் பார்த்துவிட்டு, அன்றிரவு சுவாங்சி ஒரு நண்பர் வீட்டில் தங்குகிறார். விருந்துக்கு வாத்து அடிக்க வேண்டும். கத்தும் வாத்தையா, கத்தாத வாத்தையா என்று வேலைக்காரப் பையன் கேட்கிறான். கத்தாததை அடி என்கிறார் வீட்டுக்காரர். உதவாத மரம் பிழைத்தது, உதவாத வாத்து செத்தது! சீடன் குழம்பிக் கேட்கும்போது சுவாங்சி சிரிக்கிறார். பயன்படாமையும் ஒளிந்துகொள்ளும் இடம் இல்லை என்று அந்த நூலே சொல்லிவிடுகிறது.

வாழும் வழி என்ற சொல்லையே நான் அவர் நூலிலிருந்துதான் எடுத்தேன். சமையல்காரர் டிங் 19 வருடமாக ஒரே கத்தியால் ஆயிரக்கணக்கான மாடுகளை வெட்டியிருக்கிறார். கத்தி சாணை பிடித்தது போல் புதிதாகவே இருக்கிறது. எலும்போடு மோதாமல் மூட்டுகளின் இடைவெளியில் கத்தியை விடுகிறார். அதில் என்ன அக்கறை பாருங்கள்: சிக்கலான கணு வந்தால் நின்று, கண்ணை அங்கேயே நிறுத்தி, மெல்ல மெல்லக் கையை அசைக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த பிரபு, “உன் பேச்சைக் கேட்டு வாழ்வைப் பேணும் வழியைக் கற்றுக்கொண்டேன்” என்கிறார். ஓடுகிறவன் கணுவின் முன்னால் நின்று பார்ப்பானா?

இப்போது மனைவி இறந்த கதை. இதை நான் அவசரமில்லாமல் சொல்ல வேண்டும்.

என் அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. காரியம் முடிந்து, உறவுகள் எல்லோரும் கிளம்பிப் போன இரவில்தான் அந்தப் பகுதியை முதன்முதலாக நிதானமாகப் படித்தேன். நண்பர் ஹுய்சி துக்கம் கேட்க வருகிறார். சுவாங்சி காலை நீட்டி உட்கார்ந்து பாத்திரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். “உன்னோடு வாழ்ந்தாள், பிள்ளைகளை வளர்த்தாள், உன்னோடு மூப்படைந்தாள். அழாமல் இருப்பதே அதிகம், பாட்டு வேறா?” என்று ஹுய்சி கடிந்துகொள்கிறார். எதிரணி நண்பர் இதோடு நிறுத்திவிட்டார். அடுத்த வரி இது: “அப்படி இல்லை. அவள் இறந்தபோது நான் மட்டும் கலங்காமல் இருந்திருப்பேனா?”

முதலில் கலங்கினார். அப்புறம்தான் யோசித்தார். பிறப்பதற்கு முன் அவளுக்கு உருவம் இல்லை, மூச்சும் இல்லை. உருவம் வந்தது, உயிர் வந்தது, இப்போது மரணம் வந்திருக்கிறது. வசந்தமும் கோடையும் இலையுதிர்காலமும் குளிரும் மாறி மாறி வருவது போல. பெரியதோர் அறையில் அவள் தூங்குகிறாள். நான் பின்னாலேயே கதறிக்கொண்டு போனால் ஒன்றும் புரியாதவன் ஆவேன் என்று நிறுத்தினேன் என்கிறார். கண்ணீர் இல்லாத இடத்திலிருந்து அவர் பாடவில்லை. கண்ணீரைக் கடந்து வந்து பாடினார். அன்று இரவு நான் அழுதேன். அழுத பிறகு பல நாள் கழித்துத் தூங்கினேன்.

கடைசியாக ஒன்று. இந்த ஹுய்சி யார் தெரியுமா? வாழ்நாள் முழுவதும் சுவாங்சியை எதிர்த்து வாதாடியவர். மீனின் மகிழ்ச்சி உனக்கெப்படித் தெரியும் என்று பாலத்தில் நின்று மடக்கியவரும் அவர்தான். அவர் இறந்து, ஒரு நாள் அவர் கல்லறை வழியாகப் போகும்போது சுவாங்சி உடன் வந்தவர்களுக்கு ஒரு கதை சொல்கிறார். ஒருவன் தன் மூக்கு நுனியில் ஈயின் இறக்கை அளவுக்குச் சுண்ணாம்பு பட்டால், தச்சன் ஒருவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வானாம். தச்சன் காற்று வீசுவது போல் கோடரியைச் சுழற்றுவான். சுண்ணாம்பு போகும், மூக்கில் கீறல் இருக்காது, நின்றவன் முகமும் மாறாது. இதைக் கேள்விப்பட்ட சொங் அரசன், எனக்கும் செய்து காட்டு என்றான். “செய்வேன்தான். ஆனால் எதிரே நின்றவன் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டதே” என்றான் தச்சன்.

சொல்லிவிட்டு சுவாங்சி கல்லறையைப் பார்த்து, “அவர் போன பிறகு எனக்கும் எதிரே நிற்க ஆள் இல்லை, பேச யாரும் இல்லை” என்றார்.

நடுவர் அவர்களே, விலகி ஓடியவர் பேசும் பேச்சா இது என்பதை உங்கள் தீர்ப்புக்கு விடுகிறேன். என் எதிரே உட்கார்ந்து இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட எதிரணி நண்பருக்கு என் நன்றி. வணக்கம்.