சாப்பாட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்

(திருகோணமலையில், நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான கூட்டமொன்றில் பேசியது)

வணக்கம். உங்களில் பலர் படுக்கையில் கிடக்கிற ஆளை யாரிடமாவது பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள், மனம் வீட்டில்தான் நிற்கும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலில் இருந்து சோறும் கறியும் வரும், நாமும் ஒன்றும் பேசாமல் வாங்கிச் சாப்பிடுவோம். அதே வீட்டில் ஐயா பாரிசவாதத்தில் மாதக்கணக்காகக் கிடக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தால், "உங்களுக்கு ஏன் அக்கா கரைச்சல், நாங்கள் சமைச்சிட்டம்" என்று கேற்றடியிலேயே அனுப்பிவிடுவோம். உள்ளே நேற்றைய சட்டி கழுவாமல் கிடக்கும். இழவுக்கு நீளுகிற கை இதற்கு ஏன் நீளுவதில்லை? வெட்கம்தான், வேறென்ன. கொஞ்சம் வீம்பும் உண்டு.

2004 சுனாமிக்குப் பிறகு கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் முகாம்களில் கோப்பையோடு வரிசையில் நின்றவர்களில், அதுவரை ஊருக்கே கொடுத்துப் பழகியவர்களும் இருந்தார்கள். அதனால் அவர்களுடைய மரியாதை எங்கே குறைந்தது?

சரி, அடுத்தவர் தருவதை வாங்குவது ஒரு பக்கம். நாம் நமக்கே தருவது? இரவு இரண்டு மணிக்கு நாலாவது தடவையாகப் படுக்கை விரிப்பை மாற்றும்போது அம்மாவின் மேல் எரிந்து விழுகிறீர்கள், விடிந்ததும் "நானெல்லாம் ஒரு பிள்ளையா" என்று நாள் முழுக்க உங்களையே வதைக்கிறீர்கள். இதையே பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொல்லி அழுதால் என்ன சொல்வீர்கள்? "நீ போய்ப் படு பிள்ளை, நான் கொஞ்சநேரம் பார்க்கிறன்" என்றுதானே? கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003இல், நம் மேல் நாமே காட்டும் இந்தப் பரிவை மூன்றாகப் பிரித்து எழுதினார்: தன்னிடம் கனிவு, இது எனக்கு மட்டும் வந்ததில்லை என்ற தெளிவு, வலியை மூடவும் ஊதிப் பெருப்பிக்கவும் செய்யாமல் உள்ளபடி பார்ப்பது. மூன்றில் நடுவில் உள்ளதுதான் நமக்குக் கஷ்டம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்றே வளர்ந்திருக்கிறோம். இதெல்லாம் சோம்பலுக்குச் சாட்டு என்று சொல்லவும் ஆட்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு இரவு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

இனி யாராவது "ஏதும் உதவி வேணுமா" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுங்கள். கிளினிக் நாளில் கொப்பியோடு விடியவே போய் வரிசையில் நிற்பது, மருந்து எடுத்து வருவது, பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஐயாவுக்குப் பக்கத்தில் இருப்பது, இப்படி. அந்த ஒரு மணித்தியாலத்தில் வீடு கூட்டாதீர்கள், நித்திரை கொள்ளுங்கள். அப்புறம், நித்திரையும் வராமல், வாழவே வேண்டாம் போல இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள், தமிழிலேயே கதைக்கலாம்.